ஒளித்து வைத்த ஏட்டிலிருந்து ஒரு நாடகம்

1996-இல் லண்டனிலிருந்து கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாடுக்கு ஒரு வேலை வந்தது. இந்தியா விடுதலை பெற்று 50 ஆண்டு நிறையப் போகிறது, அதையொட்டி பிபிசி வானொலிக்கு ஒரு நாடகம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். வெள்ளைக்காரன் கிளம்பிப் போனதைக் கொண்டாட வெள்ளைக்காரனே காசு கொடுத்து நாடகம் எழுதச் சொல்கிறான்! கர்னாட் இந்த வேடிக்கையை ரசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக் கேட்டு வரும்போது கதையின் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. இந்தியாவும் இங்கிலாந்தும் முட்டிக்கொண்ட ஏதாவது ஓர் இடத்தைத் தொட்டே ஆக வேண்டும். 1857, ஜாலியன்வாலா பாக், உப்புச் சத்தியாகிரகம் என்று எல்லாரும் நடந்து தேய்ந்த பாதைகள் இருந்தன. கர்னாடின் மனம் உடனே மைசூர்ப் பக்கம், திப்பு சுல்தானிடம் போயிற்று. அங்கேயும் வாள், புலி, பீரங்கி என்று ஊரறிந்த சாமான்களை அவர் எடுக்கவில்லை. திப்பு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒரு சின்ன ஏட்டை எடுத்தார்.

அந்த ஏட்டின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1799 மே 4, நடுப்பகல் தாண்டிய வேளை. ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைச் சுவரில் பீரங்கி பிளந்த இடைவெளி வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை உள்ளே நுழைந்தது. இருட்டிய பிறகுதான் நீர்வாசல் அருகே பிணக்குவியலுக்குள் திப்புவின் உடலைக் கண்டெடுத்தார்கள். அன்றிரவு ஊர் சூறையானது. அரண்மனையில் அகப்பட்டவை பட்டியல் போடப்பட்டுப் பங்கு பிரிக்கப்பட்டன. சிம்மாசனத்தை உடைத்துத் துண்டு போட்டார்கள். அதன் உச்சியில் இருந்த, ரத்தினம் இழைத்த ஹுமா பறவை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் போய்ச் சேர்ந்து இன்றும் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வெள்ளைக்காரனைக் கடித்துக் குதறும் மரப்புலி பொம்மை கம்பெனியின் லண்டன் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பொன்னும் மணியும் தேடியவர்கள் கூட்டத்தில், காகிதம் தேடியவர் ஒருவர் இருந்தார். கர்னல் வில்லியம் கிர்க்பாட்ரிக். பாரசீகம் நன்றாக அறிந்தவர். திப்புவின் எழுதுமேசைப் பெட்டியில் இரகசியக் காகிதங்களோடு கிடந்த ஒரு கையேடு அவர் கண்ணில் பட்டது.

திப்புவின் முன்ஷி ஹபீபுல்லா அப்போது அருகில் இருந்தார். இப்படி ஒரு ஏடு இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் அதுவரை அவரே அதைப் பார்த்ததில்லை. சுல்தான் அதைப் படித்துக்கொண்டோ அதில் எழுதிக்கொண்டோ இருக்கும்போது யாராவது உள்ளே வந்தால் சட்டென்று மறைத்துவிடுவாராம். இவ்வளவு மறைத்து வைத்த சரக்கு என்ன என்று பிரித்துப் பார்த்தால், படைத் திட்டமும் இல்லை, பிரெஞ்சுக்காரனோடு போட்ட ஒப்பந்தமும் இல்லை. தான் கண்ட கனவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தன் கைப்படவே பாரசீகத்தில் எழுதி வைத்திருந்தார் திப்பு. மொத்தம் 37. மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் அவரே புதுப்பெயர் சூட்டி ஒரு பஞ்சாங்கம் நடத்திவந்தார். கனவுகளுக்கும் அந்தக் கணக்கில்தான் தேதி.

ஒரு கனவு இப்படி. மராட்டியத் தளபதி ஹரிபந்தின் படையை இரவில் தாக்கத் திட்டமிட்டிருந்த சமயம். கனவில் அழகான இளைஞன் ஒருவன் வந்து திப்புவின் அருகில் உட்காருகிறான். பெண்ணிடம் பேசுவதுபோல அவனிடம் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருக்கிறார் திப்பு. பிறகு, நாம் யாரிடமும் இப்படிப் பேசுகிற ஆள் இல்லையே என்று அவருக்கே உறைக்கிறது. அந்த ஆள் எழுந்து நாலடி நடந்து, தலைப்பாகையை அவிழ்த்துக் கூந்தலைத் தொங்கவிட்டு, மேலாடையைத் திறக்கிறான். பெண்! விழித்ததும் திப்பு பலன் எழுதுகிறார்: எதிரிகள் ஆண் வேடம் போட்டவர்கள், போரில் பெண்கள்போல ஓடுவார்கள். அதோடு விடவில்லை. சில நூறு பேரோடு போய்த் தாக்கியதையும், அவர்கள் ஓடியதையும், கனவு பலித்த செய்தியாகக் கீழேயே குறித்துக்கொள்கிறார்.

இன்னொன்றில் ஒரு கோயில். பின்புறம் கொஞ்சம் இடிந்திருக்கிறது. உள்ளே வரிசையாகச் சிலைகள், ஆணும் பெண்ணுமாக. திப்பு உற்றுப் பார்க்கும்போது சிலைகளுக்குக் கண் அசைகிறது. கடைசி வரிசையில் இரண்டு பெண்சிலைகள் எழுந்து நிற்க, ஒருத்தி முழங்கால்களுக்கு இடையில் சிக்கிய சேலையை இழுத்து விட்டுக்கொள்கிறாள். நீங்கள் யார் என்று கேட்கிறார். நெடுங்காலமாக இறைவனை வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். நல்லது, அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டு, இடிந்த கட்டடத்தைச் செப்பனிடும்படித் தன் ஆட்களுக்கு உத்தரவிடுகிறார். அந்தச் சேலையை இழுத்து விட்டுக்கொண்ட இடத்தைப் படித்த பிறகு, இது யாருக்கோ காட்டுவதற்காக ஜோடித்த கனவு என்று என்னால் நம்ப முடியவில்லை. ஜோடிக்கிறவனுக்கு அப்படி ஒரு விவரம் தோன்றாது.

திப்புவை மதவெறியன் என்பவர்களுக்கும் இந்த ஏட்டில் தீனி உண்டு, மகாத்மா என்பவர்களுக்கும் உண்டு. கம்பெனிப் படை அதிகாரி அலெக்சாண்டர் பீட்சன் 1800-இல் வெளியிட்ட போர் வரலாற்றின் பின்னிணைப்பில் ஆறே ஆறு கனவுகளை ஆங்கிலத்தில் சேர்த்தார். வென்றவர்கள் போட்ட புத்தகம், அதில் எந்தத் திப்பு தெரிவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபுவின் பெயரால் ஏட்டைக் கம்பெனி இயக்குநர் அவையிடம் ஒப்படைத்தார் பீட்சன். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு அது லண்டன் நூலகத்து அலமாரியில். முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் மஹ்மூத் ஹுசைன். 1957-இல் கராச்சியில் வெளியானது. இந்த மஹ்மூத் ஹுசைனின் அண்ணன்தான் நம் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஜாகிர் ஹுசைன். பிரிவினையில் தம்பி அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம். கன்னட நாட்டுச் சுல்தானின் கனவுகள் லண்டனில் இருந்து கராச்சி வழியாகத்தான் ஊர் திரும்பின.

கர்னாடுக்கு இந்தக் கனவேட்டைப் பற்றிச் சொன்னவர் அநேகமாக ஏ.கே. ராமானுஜன். கர்னாடே தன் முன்னுரையில் அப்படித்தான் நினைவுகூர்கிறார். இது நமக்குக் கொஞ்சம் நெருங்கிய சமாசாரம். ராமானுஜன் 1929-இல் மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் வீட்டில் பிறந்தவர். அப்பா மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே அடுக்களையில் தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம் என்று வளர்ந்த பிள்ளை. சிகாகோ போய்ச் சங்கப் பாடல்களை உலகத்துக்குக் கொண்டு சேர்த்தவர் என்று நாம் அவரைக் கொண்டாடுகிறோம். கன்னடக்காரர்களுக்கு அவர் வீரசைவ வசனக் கவிதைகளை மொழிபெயர்த்தவர், நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தவர். கர்னாடின் ‘நாகமண்டல’ நாடகமே ராமானுஜன் சொன்ன கதையில் பிறந்ததுதான். கதை சொல்லி அடுத்தவர் தலையில் முளைக்க வைப்பது அந்த மனிதரின் பழக்கம் போலிருக்கிறது. 1993-இல் ராமானுஜன் போய்விட்டார். மூன்று வருடம் கழித்து பிபிசி கேட்டபோது அவர் போட்டுவிட்டுப் போன விதை தயாராக இருந்தது.

கர்னாடுக்கு ராஜா-தர்பார் நாடகம் புதிதல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்து 1963-இல் இந்தியா திரும்பியதும் அவர் வந்து உட்கார்ந்தது மதறாஸில், ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்து வேலையில். கன்னடத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு சரித்திர நாடகம் இல்லையே என்று விமர்சகர் கீர்த்திநாத் குர்த்தகோட்டி சொன்னதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டு வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டியவருக்கு அகப்பட்டவர் முகமது பின் துக்ளக். 1964-இல் ‘துக்ளக்’ வந்தது. நேரு காலத்துக் கனவும் கலைதலும் அந்தத் தில்லி சுல்தானின் முகத்தில் தெரிகிறது என்று எல்லாரும் பேசினார்கள். நம் ஊரில் சோ அதே பெயரில் ஒரு நையாண்டி நாடகம் போட்டது தனிக்கதை.

ஆனால் துக்ளக்கைப் பற்றி எழுதும்போது எதிரே யாரும் கோபத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை. திப்பு அப்படி இல்லை. திப்புவை மேடையில் ஏற்றும் வழக்கம் அவர் உயிரோடு இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது, அதுவும் லண்டனில். 1792-இலேயே ஆஸ்ட்லி என்பவரின் குதிரைக் கொட்டகையில் பெங்களூர் முற்றுகையை நாடகமாகப் போட்டார்கள். குதிரையும் வெடிச்சத்தமும் நிறைய, வசனம் குறைச்சல். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிரஜைகளுக்குக் கீழ்த்திசைக் கொடுங்கோலன் என்றால் தலைப்பாகை கட்டிய திப்புதான். 1800-இல் ராபர்ட் கெர் போர்ட்டர் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையைப் பிரமாண்டமான ஓவியமாக வரைந்து லண்டனில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

நம் பக்கத்து பதில் வெகுகாலம் கழித்து வந்தது. லாவணிப் பாடகர்கள் திப்புவைப் பாடித்தான் வந்தார்கள். பெரிய அளவில் என்றால் பகவான் கித்வானியின் 1976 நாவலும் அதை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரும். அந்தத் தொடரின் படப்பிடிப்பில்தான், 1989 பிப்ரவரியில், மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். மைசூர்க்காரர்கள் திப்பு என்றதும் இன்றும் அதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அரக்கன், இங்கே அவதாரம். கர்னாடுக்கு இரண்டும் உதவாது. கனவேடு அவருக்குப் பயன்பட்டது இந்த இடத்தில்தான். அதில் பேசுகிற குரல் திப்புவினுடையது, ஆனால் யாரிடமும் பேசுகிற குரல் இல்லை.

அதோடு, கேட்டது வானொலி. இதை நான் பெரிய அதிர்ஷ்டமாக நினைக்கிறேன். மேடைக்காக முதலில் எழுதியிருந்தால் யானைக்கும் சிம்மாசனத்துக்கும் கவலைப்பட்டிருக்க வேண்டும். வானொலியில் ஒரு குரல் தேய்ந்து இன்னொரு குரல் எழும்பினால் காலமும் இடமும் மாறிவிடும், நனவிலிருந்து கனவுக்குப் போக ஒரு வினாடி போதும். நாடகத்தைக் கட்டியிருக்கிற விதமும் அப்படியே. கோட்டை விழுந்து சில வருடம் ஆன பின் இருவர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் திப்புவின் தர்பாரில் இருந்த வரலாற்றாசிரியர் கிர்மானி. மற்றவர் நில அளவை செய்ய வந்த காலின் மெக்கன்சி. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நாம் இன்று புரட்டுகிற சுவடிகளில் பல இந்த மெக்கன்சி சேர்த்தவைதான். சுல்தானைக் கொன்றவனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே சுல்தானின் வரலாற்றை எழுத வேண்டிய சங்கடம் கிர்மானிக்கு. அந்தச் சங்கடத்தின் வழியாகத்தான் திப்பு, அவருடைய திவான் பூர்ணையா, கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், பின்னால் வெல்லெஸ்லி ஆன மார்னிங்டன் என்று இரண்டு தர்பாரும் வந்து போகின்றன.

நாடகத்தின் நடுநாயகம் என்று நான் சொல்வது பணயப் பிள்ளைகள் கட்டம். மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு, 1792 உடன்படிக்கைப்படி பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்ச ரூபாயையும் கொடுக்க வேண்டியிருந்தது. திண்டுக்கல்லும், சேலம் - கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தது அப்போதுதான். பணம் கட்டி முடிக்கும்வரை ஈடாக இரண்டு பிள்ளைகள்: அப்துல் காலிக், முயிசுத்தீன். பத்து வயதைத் தாண்டாத பையன்கள். கார்ன்வாலிஸ் கூடாரத்து வாசலில் நின்று அவர்களைக் கைநீட்டி வரவேற்கும் காட்சியை ஆங்கில ஓவியர்கள் போட்டி போட்டு வரைந்தார்கள். எல்லாப் படத்திலும் கார்ன்வாலிஸ் ஒரு கருணையுள்ள தாத்தா. பையன்களை மதறாஸுக்குக் கொண்டுவந்து புனித ஜார்ஜ் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1794-இல்தான் திருப்பி அனுப்பினார்கள்.

பிள்ளைகளை அடகு வைத்த தகப்பனாகத் திப்புவைப் பார்ப்பதுதான் கர்னாடின் சாமர்த்தியம். அந்தப் பையன்கள் வெள்ளைக்காரர் வீட்டில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வருவார்களே என்ற பயத்தைத் திப்பு பேசும் கட்டம் ஒன்று உண்டு. அதைக் கர்னாட் முதலில் எழுதியது ஆங்கிலத்தில், பிபிசி நேயர்களுக்காக! கன்னடத்தில் பிறகு அவரே திருப்பி எழுதினார். அந்தக் கட்டம் கன்னடத்தில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் கடிக்கும்.

1997 ஆகஸ்டில் நாடகம் ஒலிபரப்பானது. திப்புவாகக் குரல் கொடுத்தவர் சயீத் ஜாஃப்ரி. ‘சத்ரஞ்ஜ் கே கிலாடி’யில் சதுரங்கப் பலகையை விட்டு எழுந்திருக்காத அந்த நவாப் என்றால் பலருக்கு ஞாபகம் வரும். அங்கே ராஜ்யம் போவதே தெரியாத ஆள், இங்கே அதைக் கனவிலும் மறக்காத ஆள்.

ஊருக்கு நாடகம் வந்தது இரண்டு வருடம் கழித்து. 1999, திப்பு இறந்து 200 ஆண்டு. மைசூர் ரங்காயணா நாடகக் குழுவினர் சி. பசவலிங்கையாவின் இயக்கத்தில் ‘திப்பு சுல்தான் கண்ட கனசு’ என்று கன்னடத்தில் போட்டார்கள். பி.வி. காரந்த் 1989-இல் மைசூர் கலாமந்திர வளாகத்தில் தொடங்கி வைத்த குழு அது. ஆனால் இந்த நாடகத்தைத் தங்கள் அரங்கில் போடாமல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கே எடுத்துப் போனார்கள். இடம், தரியா தௌலத். 1784-இல் திப்பு கட்டிய கோடைக்கால மாளிகை, சுற்றிலும் தோட்டம், பக்கத்தில் காவிரி.

போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த மாளிகையின் மேற்குச் சுவர் முழுக்க ஒரு போர்க்களம். 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் தந்தை ஹைதரும் மகன் திப்புவும் நொறுக்கிய காட்சி. சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுர வியூகம் கட்டி நிற்கிறார்கள், நடுவில் மருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது, பெய்லி பல்லக்குக்குள் ஒடுங்கி உட்கார்ந்து விரலை வாயில் வைத்திருக்கிறார். கோட்டை விழுந்த பின் இந்த மாளிகையில் குடியிருந்தது வெல்லெஸ்லி பிரபுவின் தம்பி ஆர்தர். பின்னால் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் கோமகன் அவர்தான். தங்கள் தோல்விப் படத்தை அழித்து வெள்ளையடிக்காமல், மங்கியதைப் புதுப்பிக்கவும் ஏற்பாடு செய்தார். ஏட்டைக் காப்பாற்றியவர்களும் எதிரிகள், சுவரைக் காப்பாற்றியவர்களும் எதிரிகள். கர்னாடின் நாடகத்தில் இரண்டு தரப்பும் ஒன்றின் நினைவில் ஒன்று உட்கார்ந்திருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறு எங்கே கிடைக்கும்?

குறை இல்லாமல் இல்லை. கர்னாடின் திப்பு பட்டு, சந்தனம், வெளிநாட்டு வணிகம் பற்றிப் பேசும்போது நமக்கு ஒரு தொலைநோக்காளர் தெரிகிறார். அது பொய்யில்லை, பதினாறாம் லூயியிடம் தூதர்களை அனுப்பிக் கைவினைஞர்களைக் கேட்டவர்தான் அவர். ஆனால் குடகும் மலபாரும் மங்களூர்க் கிறிஸ்தவர்களும் வேறு ஒரு திப்புவை நினைவில் வைத்திருக்கிறார்கள். மேல்கோட்டையில் தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள், தங்கள் முன்னோரைத் திப்பு கொன்ற நாள் என்று சொல்லி நரக சதுர்த்தசியன்று இன்றும் தீபாவளி கொண்டாடுவதில்லை. தரியா தௌலத்திலிருந்து மேல்கோட்டை ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. நாடகம் அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. கனவு காண்பவனின் தலைக்குள் உட்கார்ந்து எழுதினால், அவன் யாருடைய தூக்கத்தைக் கெடுத்தானோ அவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

திப்புவின் பக்கம் நின்றதற்குக் கர்னாட் வேறு விலையும் கொடுத்தார். 2015 திப்பு ஜயந்தி விழாவில், பெங்களூர் விமான நிலையத்துக்குத் திப்புவின் பெயரை வைத்திருக்கலாம் என்று சொல்லப் போய், கொலை மிரட்டல்வரை வந்து, வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 2019 ஜூனில் அவர் காலமானார்.

2022 நவம்பரில் அதே ரங்காயணாவில், அப்போது அதன் இயக்குநராக இருந்த அட்டண்ட காரியப்பா தாமே எழுதி இயக்கிய ‘திப்பு நிஜ கனசுகளு’ மேடையேறியது. கர்னாடின் நாடகத்துக்கு நேர் எதிர். அவர் விட்டுப்போன குடகும் மலபாரும் இதில் முன்னால் வந்தன. புத்தகமாக வந்த நாடகத்தின் விற்பனைக்கு பெங்களூர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, மேடை நிற்கவில்லை. போலீஸ் காவலோடு காட்சிகள் நடந்தன. 1999-இல் காவிரிக் கரைக்குப் போய்த் திப்புவின் கனவைப் போட்ட குழுவின் வளாகத்திலேயே, 23 வருடம் கழித்து, அந்தக் கனவு பொய் என்று ஒரு நாடகம். திப்புவின் கனவேடு இன்னும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.